பல் கூசிய வருஷம்

செவ்வாய்க்கிழமை என் கடைக்கு விடுமுறை.
அன்றுதான் வந்தார் அமாரோ,
பெயர்ச்சீட்டு ஒட்டாத மூன்று புட்டிகளோடு.
எட்டாம் எண் தொட்டி, என்றார்.
புட்டியின் வயிற்றில் சுண்ணக்கட்டியால் ஓர் எட்டு.

போன ஆகஸ்ட் முழுக்கக் கம்பாதோஸில் மழை.
கருங்கல் கால்கள் தாங்கிய பந்தலில்
திராட்சை, பழுக்கும் யோசனையே இல்லாமல்
பச்சைக் கண்ணால் முறைத்துக்கொண்டிருந்தது.
பூஞ்சைக்குப் பயந்து அவசரமாய்ப் பறித்தார்கள்.
அந்தப் பயமும் சேர்ந்துதான் நொதித்திருக்க வேண்டும்.

ஊற்றினேன்.
வைக்கோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நிறம்.
மூக்கை நுழைத்தேன்: எலுமிச்சைத் தோல்,
நறுக்கிய பச்சை ஆப்பிள்,
அப்புறம், மழை நின்றதும் கல்லிலிருந்து எழுமே, அது.
ஒரு வாய்.
தாடையின் மூலையில் யாரோ கிள்ளினார்கள்.
பல் கூசியது.
நாக்கின் இரண்டு கரையும் சுரந்தன.
இதற்குப் போய் உலர் வைன் என்று
பெயர் வைத்தவன் வாயைப் பார்க்க வேண்டும்.

"கோபமாக இருக்கிறது," என்றேன்.
"பசியாக இருக்கிறது," என்றார் அவர்.
வியாழக்கிழமை வீகோவிலிருந்து வாங்க வருகிறார்கள்.
தனியாகக் கொடுத்தால் துப்பிவிடுவார்கள்.
ஏதாவது ஒரு தட்டுக்கு இதைக் கட்டிவைத்தாக வேண்டும்.

பொருத்தம் பார்க்க உட்கார்ந்தோம்.

ஆக்டோபஸ், மேலே சிவப்பு மிளகாய்த்தூள், எண்ணெய்.
தூள் வைனை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்துகொண்டது.
பாலாடைக்கட்டி நாக்கில் மெழுகு பூசியது;
வைன் வெளியே நின்று கதவைத் தட்டியது.
பொரித்த பச்சை மிளகாய், எங்கள் பக்கத்து வகை,
பத்தில் ஒன்றுதான் எரிக்கும்.
முதல் இரண்டும் சாது. அமாரோ புன்னகைக்கத் தொடங்கினார்.
மூன்றாவது, அந்தப் பத்தில் ஒன்று.
கண்ணீர் மிளகாய்க்கா வைனுக்கா என்று
நான் கேட்கவில்லை.
வறுத்த பன்றிக் காதைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

ஐந்து மணிக்கு ஃபிஸ் வந்தான்,
சிப்பி வளர்க்கும் மிதவைகளிலிருந்து நேராக,
முழங்கால் பூட்ஸோடு, நவம்பர் பாக்கியைக் கேட்க.
பணத்துக்கு முன்னால் பசி, என்றான்.
அவன் மூட்டையிலிருந்தே நாலு கை சிப்பி அள்ளி
வெறும் சட்டியில் போட்டு மூடினேன்.
எண்ணெய் இல்லை. உப்பு இல்லை. தண்ணீர்கூட இல்லை.
ஒரு பிரிஞ்சி இலை, அதுவும் பழக்கதோஷம்.
வாய் திறந்ததும் இறக்கிவிட்டேன்.

கோப்பைகள் எல்லாம் தோற்றுப்போய்
கழுவும் சிங்க்கில் கிடந்தன.
சதையை உறிஞ்சியவன்
காலி ஓட்டையே நீட்டினான், ஊற்று என்று.
குழியில் கழிமுகம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
நீலக்கறுப்பு விளிம்பு வரை எட்டாம் எண் நிறைந்தது.
குடித்தான்.
அடுத்த ஓட்டை நீட்டினான்.

நானும் ஒன்றை எடுத்தேன்.
இனிக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
புளிப்பு அதே புளிப்புதான்.
ஆனால் உப்பு அதற்கு ஒரு நாற்காலி போட்டது.
உட்கார்ந்த பிறகு அது சத்தம் போடவில்லை.
சிப்பிக்குள் ஓர் இனிப்பு உண்டென்று
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.
இருபது வருஷமாக விற்கிறேன்.

அமாரோ நோட்டைத் திறந்தார்.
"சொல் ஃபிஸ், என்ன தோன்றுகிறது?
பழமா? கல்லா? கடல் காற்றா?"
ஃபிஸ் புறங்கையால் வாயைத் துடைத்தான்.
"நல்ல தாகம் எடுக்கிறது. பீர் இருக்கா?"

பீர் கொடுத்தேன்.
நவம்பர் பாக்கியையும் எண்ணிக் கொடுத்தேன்.
அமாரோ ஒரே ஒரு சொல் எழுதி மூடினார்.
எட்டிப் பார்த்தேன்:
ஓடு.

வியாழக்கிழமை வந்தவர்கள் நான்கு பேர்,
தேய்த்து மடித்த சட்டைக் கைகள்.
மேஜையில் கோப்பை எங்கே என்று தேடினார்கள்.
நான் வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.